திங்கட்கிழமை மூச்சு

1845இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் மாரெஸ்கா, ஹேமான் என்ற இரண்டு மருத்துவர்கள் பஞ்சாலைத் தொழிலாளர்களின் உடல்நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். வேலை செய்கிறவர்களிடமே கேட்டு எழுதிய அறிக்கை அது. தொழிலாளர்கள் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: வாரக் கடைசியில் தூசி அவ்வளவாகப் படுத்துவதில்லை, திங்களும் செவ்வாயும்தான் நெஞ்சை அடைக்கிறது. முதலாளிகளிடம் இதற்கு விளக்கம் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குடித்துக் கூத்தடித்துவிட்டு வருகிறவர்களுக்குத் திங்கட்கிழமை வேறு எப்படி இருக்கும்? தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு. நடுவில் ஒரு நாள் வேலை நின்றால், தூசிக்குப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் இழந்துவிடுகிறது என்றார்கள்.

இரண்டில் எது சரி என்று உயிரியல் சொல்லி முடிக்க ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. சரியாகச் சொன்னவர்கள் தொழிலாளர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். தங்கள் நெஞ்சைத் தாங்களே கவனித்து அவர்கள் சொன்னது, இன்று இயல்பு நோய்த்தடைகாப்பு பற்றிய பாடப்புத்தகங்களில் ஒரு முக்கியமான பகுதி. அந்த 150 ஆண்டுகளின் கதையைச் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து பார்த்துச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. நூலோடும் பஞ்சோடும் வாழும் பெண்கள் இங்கே அதிகம். அவர்கள் மூச்சைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு மிகக் குறைவு.

கஞ்சமலைக்கு அருகிலிருக்கும் இளம்பிள்ளையைத் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சேலை எடுக்கப் பேருந்து பிடித்து வருகிறவர்களுக்கும், வாட்ஸ்அப்பில் படம் பார்த்து ஆர்டர் போடுகிறவர்களுக்கும் தெரிந்த ஊர். கடைவீதியைத் தாண்டி உள்ளே போனால் தறிச் சத்தம்தான். வீட்டின் ஒரு பகுதியில் தறி, அடுத்த சுவருக்கு அப்பால் அடுப்பு. தறி ஓட்டுகிறவரைத் தறிக்காரர் என்கிறோம். தார் சுற்றுகிறவர், பாவுக்கு இழை எடுத்துக் கொடுக்கிறவர், அறுந்த இழையை முடிகிறவர், பிசிறு வெட்டுகிறவர், இரவில் தறிக்கு அடியில் கிடக்கும் பஞ்சுத் தூசியைப் பெருக்கி அள்ளுகிறவர், இவர்களெல்லாம் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள்; அவர்கள் செய்வதை 'கூடமாட ஒத்தாசை' என்கிறோம். சுவாசிக்கும் காற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பஞ்சுத் தூசி என்று பேசும்போது எல்லா வேலையும் ஒன்றல்ல. பேல் பிரித்து அடிக்கும் புளோ ரூமும், பஞ்சைச் சீவும் கார்டிங்கும்தான் மிக மோசம். நூற்பு, கோன் வைண்டிங் என்று போகப்போகக் குறையும். நெசவுக்கு வரும்போது இன்னும் குறைந்துவிடும். அதனால் இளம்பிள்ளைத் தறிவீட்டை ஒரு நூற்பாலையின் கார்டிங் அறையோடு நான் சமமாக வைக்கவில்லை. ஆனால் சேலைக்கான பருத்தி இழை எங்கோ ஒரு கார்டிங் அறையைத் தாண்டித்தான் வருகிறது. அந்த அறைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் நிறையப் பேர். நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

இப்போது உடம்புக்குள் போவோம். நமக்கு இரண்டு விதமான காவல் இருக்கிறது. ஒன்று கற்றுக்கொள்ளும் காவல். அம்மை வந்தால் அதை நினைவில் வைத்து மறுமுறை அடையாளம் கண்டு அடிக்கும். தடுப்பூசி இதை நம்பித்தான் போடப்படுகிறது. கற்றுக்கொள்ள இதற்குச் சில நாட்கள் வேண்டும். அதற்கு முன்பே, உள்ளே நுழைந்தது யார் என்று பெயர் கேட்காமல், 'இந்த ஜாதிக் கிருமியின் உடலில் இருக்கும் பொருள் இங்கே எப்படி வந்தது' என்று மட்டும் பார்த்து, சில நிமிடங்களில் வேலையைத் தொடங்குவது இன்னொரு காவல். பிறக்கும்போதே கூட வருவது. அதைத்தான் பள்ளிப் பாடம் இயல்பு நோய்த்தடைகாப்பு என்கிறது. காயம் பட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறதே, அந்த அழற்சி இதன் வேலை. காய்ச்சலும் இதன் வேலைதான். அழற்சியை நாம் நோய் என்று நினைத்துத் திட்டுகிறோம். பெரும்பாலான நேரம் அது காவலாளியின் கூக்குரல்.

இந்தக் காவலாளி எதைக் கண்டு கூச்சலிடுகிறான் என்பதை அறிய எடுத்துக்கொண்ட முயற்சியில் பெண்களின் பெயர்கள் முக்கியமான இடங்களில் வருகின்றன. ஆனால் தொடக்கம் 1892இல், பெர்லினில் கோக் ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஃபைஃபர் என்பவரிடம். காலராக் கிருமியைச் சூட்டில் கொன்ற பிறகும் அதன் உடலில் ஏதோ ஒரு நஞ்சு மிச்சம் இருப்பதை அவர் கண்டார். கிருமி செத்தாலும் சாகாத நஞ்சு. அதற்கு எண்டோடாக்சின் என்று பெயர் வைத்தார். அகநச்சு என்று தமிழில் சொல்லலாம். பல பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் பதிந்திருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள்தான் அது.

அடுத்து ஃப்ளோரன்ஸ் சீபெர்ட். 1897இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். மூன்று வயதில் போலியோ வந்து கால் பாதிக்கப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தபோது அவர் கையில் எடுத்த கேள்வி, கேட்டால் சாதாரணமாகத் தோன்றும்: நரம்பில் ஊசி போட்டால் சிலருக்கு ஏன் காய்ச்சல் வருகிறது? மருந்தே காரணம் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சீபெர்ட் மருந்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். காய்ச்சி வடித்த நீர் சுத்தமானது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கொதிக்கும் நீரின் ஆவியோடு நுண்ணிய துளிகள் பறந்துபோய் மறுபக்கம் விழுகின்றன, அந்தத் துளிகளில் பாக்டீரியாவின் எச்சம் இருக்கிறது, அதுதான் காய்ச்சலைத் தருகிறது என்று அவர் காட்டினார். துளிகளைப் பிடித்து நிறுத்தும் தடுப்போடு ஒரு வடிகலத்தையும் வடிவமைத்தார். 1923இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இன்று பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு டிரிப்ஸ் ஏற்றினால் அதனாலேயே குளிர்காய்ச்சல் வராமல் இருப்பதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். காசநோய்த் தொற்றைக் கண்டறியக் கையில் போடும் ஊசிக்கான பொருளைப் பிறகு சுத்திகரித்துக் கொடுத்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் முழுப் பேராசிரியர் ஆனது 1955இல். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்.

சீபெர்ட்டின் தண்ணீரிலிருந்து பஞ்சுக்கு வர ஒரு சிறிய அடிதான். பருத்திச் செடி வயலில் நிற்கும்போதே அதன் இலையிலும், காயைச் சுற்றியிருக்கும் பூவடிச் செதில்களிலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. காய் வெடித்து, பஞ்சு பறித்து, பேல் கட்டும்போது அந்தச் செதிலும் இலைத்தூளும் கூடவே வருகின்றன. புளோ ரூமில் அடித்து, கார்டிங்கில் சீவும்போது நொறுங்கித் தூளாகிப் பறக்கின்றன. அந்தத் தூளில் உயிருள்ள கிருமி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. செத்த கிருமியின் சுவர் போதும். மூச்சுக்குழாயில் காவல் இருக்கும் செல்கள் அதைத் தொட்ட உடனே, பெரிய படையெடுப்பு நடந்துவிட்டதாக எண்ணி அழற்சியைக் கிளப்பிவிடும். மூச்சுக்குழாய் சுருங்கும், நெஞ்சு இறுகும், இருமல் வரும். தொற்று இல்லாமலேயே தொற்றுக்கான போர். எந்த ஆன்டிபயாட்டிக்கும் இங்கே உதவாது, கொல்வதற்கு யாரும் இல்லை.

இதை நிரூபிக்க நீண்ட காலம் ஆனது. இத்தாலியின் ராமஸ்ஸினி 1700இல் தொழில்நோய்கள் பற்றி எழுதிய தன் நூலின் பிற்காலச் சேர்க்கைகளில், சணலையும் பட்டையும் சீவுகிறவர்களின் இருமலை எழுதியிருந்தார். மான்செஸ்டரில் ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் கே 1831இல் நூற்பாலைத் தொழிலாளர்களின் நெஞ்சுநோயை விவரித்தார். 1877இல் பிரெஞ்சு மருத்துவர் ஆட்ரியன் புரூஸ்ட் அதற்கு பிஸ்ஸினோசிஸ் என்ற பெயரைப் பயன்படுத்தினார் (நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட்டின் தந்தை, மகனுக்கும் ஆயுள் முழுக்க ஆஸ்துமா). தூசியில் எது காரணம் என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. 1987இல் அமெரிக்காவில் காஸ்டெல்லனும் அவரோடு இருந்தவர்களும் ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் பலவகைப் பஞ்சுத் தூசிக் காற்றைச் சுவாசிக்கச் சொல்லி அளந்தார்கள். மூச்சின் வலு குறைந்ததற்கும் தூசியின் எடைக்கும் பொருத்தம் சரியாக அமையவில்லை. தூசியில் இருந்த எண்டோடாக்சின் அளவோடு பார்த்தபோது பொருந்தியது.

காவலாளி எந்தக் கையால் அந்த நஞ்சைத் தொட்டுப் பார்க்கிறான்? அதற்கான பதில் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து, ஓர் ஈயின் முட்டையிலிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டியூபிங்கனில் கிறிஸ்டியானே நியூஸ்லைன் ஃபோல்ஹார்டின் ஆய்வகத்தில் காத்ரின் ஆண்டர்சன் என்ற இளம் ஆய்வாளர் பழ ஈக்களை வைத்து வேலை செய்தார். நோயைப் பற்றிய ஆராய்ச்சி அல்ல அது. முட்டைக்குள் கரு எப்படித் தன் முதுகையும் வயிற்றையும் பிரித்து அறிகிறது என்பதுதான் கேள்வி. குறிப்பிட்ட ஒரு மரபணு பழுதான தாய் ஈ இடும் முட்டைகளில் வயிறே உருவாகவில்லை, சுற்றிலும் முதுகாகவே வளர்ந்தது. நல்ல முட்டையிலிருந்து சிறிது திரவத்தை எடுத்து ஊசியால் செலுத்தினால் அந்தக் கரு தேறியது. அந்த மரபணுவுக்கு டோல் என்று பெயர். ஜெர்மனில் வியப்பில் வரும் சொல். 'அடேங்கப்பா' என்பது போல. 1985இல் ஆய்வு வெளிவந்தது. கருவுக்கு வடிவம் தரும் அந்தச் சரக்கைத் தாய்தான் முட்டைக்குள் வைத்து அனுப்புகிறாள் என்பதை நம் வாசகர்கள் கவனிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1996இல் பிரான்சின் ஸ்டிராஸ்பூர்க்கில் புரூனோ லெமெத்தரும் ஜூல் ஹாஃப்மானும் அதே டோல் பழுதான வளர்ந்த ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்க முடியாமல் சாவதைக் கண்டார்கள். உடலுக்கு வடிவம் கொடுத்த அதே கருவி உடலைக் காக்கவும் செய்கிறது. அடுத்த ஆண்டு மனிதரிலும் அதன் உறவுக்காரப் புரதம் இருப்பது தெரிந்தது. 1998இல் புரூஸ் பாய்ட்லரின் குழு எண்டோடாக்சினை அறியும் கருவி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று எலியில் காட்டியது. 2011 நோபல் பரிசு பாய்ட்லர், ஹாஃப்மான், ஸ்டைன்மான் ஆகிய மூன்று ஆண்களுக்குப் போனது. நியூஸ்லைன் ஃபோல்ஹார்டு கருவியலுக்காக 1995இலேயே பெற்றிருந்தார். ஆண்டர்சன் அந்தப் பட்டியல்கள் எதிலும் இல்லை; 2020இல் இறந்துவிட்டார். நியூஸ்லைன் ஃபோல்ஹார்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு நோபலைவிடப் பிடித்தது அதுதான். குழந்தையோடு ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கு வீட்டுவேலை ஆளுக்கும் குழந்தை பார்த்துக்கொள்கிறவருக்கும் ஆகும் செலவுக்கு மாதாமாதம் பணம் கொடுக்க ஓர் அறக்கட்டளையை 2004இல் தொடங்கினார். பாத்திரம் யார் கழுவுவது என்பது அறிவியலின் கேள்வி என்று தெரிந்த விஞ்ஞானி.

இளம்பிள்ளையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது பட்டுப்புழுவை விட முடியாது. புழுவுக்கும் பூச்சிக்கும் கற்றுக்கொள்ளும் காவல் கிடையாது. பிறவிக் காவல் ஒன்றுதான். அதனாலேயே அந்தக் காவலைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி பூச்சிகளிடமிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ஹான்ஸ் போமான் ஒரு பெரிய பட்டு அந்துப்பூச்சியின் உடல்நீரிலிருந்து பாக்டீரியாவைத் துளைத்துக் கொல்லும் சிறு புரதங்களைப் பிரித்தெடுத்தார். பாக்டீரியாவின் சுவரை அடையாளம் காணும் இன்னொரு புரதம் 1996இல் ஜப்பானில், நம் சேலைக்கு நூல் தரும் அதே மல்பெரிப் பட்டுப்புழுவில் கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, 1865இல் பட்டுப்புழு நோயை ஆராய்ந்து தீர்க்க லூயி பாஸ்டர் தெற்கு பிரான்சுக்குப் போனபோது, அவர் மனைவி மரியும் புழு வளர்க்கும் வேலையில் இறங்கினார். அங்கே உருவான முறை எளியது: முட்டையிட்டு முடித்த தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார், நோய் இருந்தால் அவள் இட்ட முட்டைகளை எரித்துவிடு. இன்றும் இந்தியாவில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் தாய்ப்பூச்சிச் சோதனை நடக்கிறது. ஒரு முழம் பட்டுக்குப் பின்னால் எத்தனை தாய்மார் அரைபட்டார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் நடுங்கும்.

கெண்ட் நகரத் தொழிலாளர்களின் திங்கட்கிழமைக்கு வருவோம். எண்டோடாக்சினை ஒருமுறை சந்தித்துக் கூச்சலிட்ட செல், அடுத்தடுத்த நாட்களில் அதே பொருள் வரும்போது அடங்கிப் போகிறது. எந்நேரமும் முழு வேகத்தில் அழற்சியைக் கிளப்பினால் உடல் தாங்காது என்பதால் அது தன்னையே தாழ்த்திக்கொள்கிறது. இதற்கு எண்டோடாக்சின் தாங்குதன்மை என்று பெயர். சில நாள் ஓய்வு கிடைத்தால் தாங்குதன்மை கலைந்துவிடும், காவலாளி மீண்டும் விழித்துக்கொள்வான். விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் நெஞ்சு இறுகுவதற்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான விளக்கம் இது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் சில நாட்கள் குளிர், காய்ச்சல், தலைவலி வந்து தானாகப் போய்விடும். ஆங்கில மருத்துவ நூல்களில் அதற்கு ஆலைக் காய்ச்சல் என்றே பெயர். பழகிப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், பழகவும் பழகும். ஆனால் பழகிய நெஞ்சு ஆரோக்கியமான நெஞ்சு அல்ல. அடங்கிய செல்லுக்கு அடியில் அழற்சி மெல்லக் கனன்றுகொண்டிருக்கிறது. ஆண்டுகள் கழித்துத் திங்கள், செவ்வாய் என்ற கணக்குப் போய் எல்லா நாளும் மூச்சு வாங்கத் தொடங்கும். அந்த நிலையில் வேலையை விட்டாலும் நுரையீரல் முழுதாகத் திரும்பாது.

1950களில் இங்கிலாந்தின் லங்காஷையரில் இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது ரிச்சர்ட் ஷில்லிங் ஆலைகளுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் கேட்டார். அவர் நோயைப் படிகளாகப் பிரித்தார். எல்லா வாரமும் முதல் நாள் நெஞ்சு இறுகினால் ஒன்று. மற்ற நாட்களிலும் இறுகினால் இரண்டு. எப்போதாவது முதல் நாள் மட்டும் என்றால் அரை. இந்த 'அரை' எனக்கு மிகவும் வேண்டிய எண். மருத்துவரிடம் போகும் அளவுக்கு இல்லை, சொன்னால் வேலையில் பெயர் கெடும், ஆனால் இருக்கிறது. பெண்களின் உடல்நோவு நிறைய இந்த அரையில்தான் தங்கிவிடுகிறது. அதே இங்கிலாந்தில் 1940களின் தொடக்கத்தில் வந்த இழப்பீட்டுத் திட்டம், குறிப்பிட்ட அறைகளில் 20 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டது. பிள்ளைப் பேற்றுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையிடையே நின்று நின்று வேலைக்குப் போன ஒருத்தி அந்த இருபதை எப்படிக் கூட்டிக் காட்டியிருப்பாள்?

அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் கதை வேறு விதமாகப் போனது. நுரையீரல் கெட்டு ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளர்கள் 1975இல் பழுப்பு நுரையீரல் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெண்களும் ஆண்களுமாக, மூச்சளவு முகாம்கள் நடத்தி, தங்கள் எண்களைத் தாங்களே சேகரித்தார்கள். 1977இல் தொழிலிடப் பாதுகாப்புத் துறைக்குத் தலைமையேற்ற யூலா பிங்காம் நச்சியல் விஞ்ஞானி, மூன்று பெண்களின் தாய். செலவு அதிகம் என்று அரசின் பொருளாதார ஆலோசகர்கள் தடுக்கப் பார்த்தும், 1978இல் பஞ்சுத் தூசிக்கு வரம்பு வைத்தார். நூற்புப் பகுதியில் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம், நெசவிலும் கஞ்சி போடும் இடத்திலும் 750. நெசவின் தூசிக்கு வீரியம் குறைவு என்பதால்தான் அந்த வேறுபாடு. ஆலை அதிபர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தொழிலாளியின் உடல்நலத்தை லாப நட்டக் கணக்குப் போட்டு நிறுக்கச் சட்டம் சொல்லவில்லை என்று 1981இல் தீர்ப்பு வந்தது.

அதே 1981இல் சீனாவின் ஷாங்காயில் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் கிறிஸ்டியானியும் சீன மருத்துவர்களும் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். பருத்தி ஆலையில் ஏறத்தாழ 450 பேர். ஒப்பிடுவதற்குப் பட்டாலையில் ஏறத்தாழ 470 பேர். பட்டு இழையில் இந்த எண்டோடாக்சின் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை என்பதால் பட்டாலைக்காரர்கள் ஒப்பீட்டுக்கு வாய்த்தார்கள் (பட்டில் ஆஸ்துமா தரும் புரதங்கள் உண்டு, அது வேறு கதை). பல பத்தாண்டுகள் அதே ஆட்களைத் தொடர்ந்து அளந்ததில், பருத்திக்காரர்களின் மூச்சு வேகமாகக் குறைந்துவந்தது. வேலையை விட்ட பிறகு ஓரளவு மீண்டது. இந்தியாவிலும் அதே ஆண்டில் மும்பையின் எஸ்.ஆர். காமத்தும் அவரோடு வேலை செய்தவர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். ஆக, இங்கே இந்த நோய் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நம் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் அது இருந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தது.

பட்டியலில் நோய் இருக்கிறது, நோயாளி எங்கே? தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். திருமணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி, பதின்வயதுப் பெண்களை ஆலை விடுதியில் வைத்து, பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேலை வாங்கினார்கள். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு உலகம் அதைப் பேசியது. கூலியையும் அடைப்பையும் பற்றி நிறையப் பேசினோம். மூச்சைப் பற்றிக் குறைவாகவே பேசினோம். இந்த நோய் முற்ற ஆண்டுகள் ஆகும். மூன்றாண்டில் ஒருத்திக்கு வருவது ஆலைக் காய்ச்சலும் அந்த 'அரை'யும்தான். முதல் வாரக் காய்ச்சலை வீட்டு ஏக்கம் என்றோ தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ சொல்லிவிடுவது எளிது. மூன்றாண்டு முடிந்து ஊருக்குப் போனதும் அவள் பெயர் ஆலையின் ஏட்டில் இருக்காது. அடுத்த பெண் வருவாள். லங்காஷையர் சட்டம் இருபதாண்டு கேட்டு வெளியே நிறுத்தியது. இங்கே ஒப்பந்தமே மூன்றாண்டில் வெளியே அனுப்பிவிடுகிறது. நோயாளி இல்லாத ஆலையை உருவாக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

அழற்சியை அடக்குவதற்கும் இங்கே வழி வைத்திருக்கிறார்கள். மாதவிடாய் வலி என்பதும் அழற்சியின் சரக்குதான். கருப்பைச் சுவர் உதிரும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் தசையை இறுக்குவதால் வருவது. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் பேசி 2019இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். வலி என்று சொன்னவர்களுக்கு ஆலையிலேயே பெயரில்லாத மாத்திரை தரப்பட்டது, விடுப்பு தரப்படவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். சோதித்தபோது ஐபுப்ரோஃபன் வகை மாத்திரை என்று தெரிந்தது. புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் மருந்து. வேதியியல் சரிதான். கூச்சலிடும் காவலாளியின் வாயைப் பொத்திவிட்டு வேலை நடக்கிறது.

தறி ஊர்களுக்கு இந்த அட்டவணைகள்கூட எட்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. நான்கு தறியும் ஆறு தறியும் ஓடும் வீட்டில் கணவன், மனைவி, கூலிக்கு வரும் ஒருவர் என்று எண்ணினால் எந்தக் கணக்கிலும் இருபது வராது. நெசவின் தூசிக்கு வீரியம் குறைவு என்பது உண்மை; ஆனால் அந்த 750 என்ற வரம்பு எட்டு மணி நேர வேலைக்கானது. வீடே தறிக்கூடமாக இருப்பவள் எட்டு மணி நேரம் கழித்து எங்கே போவாள்? போதாததற்குப் பாவுக்குப் போடும் கஞ்சி. மாவுப் பசை பூசணம் பிடித்தால் அதன் தூளும் நெஞ்சைக் கிளப்பும். நெசவாளர் இருமல் என்றே அதற்குப் பெயர். 1957இல் பிரிட்டனின் தொழில்மருத்துவ இதழில் அப்படி ஓர் இருமல் பரவியதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. காரணமாக அதில் சொல்லப்பட்டது புளியங்கொட்டைத் தூள். நம் ஊர்ப் புளியங்கொட்டைதான்.

வெல்லம் தின்றால் தூசி போய்விடும் என்று பஞ்சிலும் சிமெண்டிலும் வேலை செய்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. வெல்லம் இரைப்பைக்குப் போகும், தூசி போகும் வழி வேறு. முகத்தில் கட்டும் துணி பெரிய பஞ்சைத் தடுக்கும். நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள் அதன் இடுக்கில் நுழைந்துவிடும். பயன் தருவது தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பதும், பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பதும்தான். பஞ்சைக் கழுவியே நூற்றால் எண்டோடாக்சின் பெரும்பாலும் போய்விடுகிறது. இவற்றுக்கெல்லாம் காசு வேண்டும்.

காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேள் என்று மருத்துவர்களுக்கு ராமஸ்ஸினி 1700இலேயே சொல்லிவிட்டுப் போனார். மூச்சு வாங்குகிறது என்று மருத்துவமனைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்ணின் சீட்டில் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் இல்லத்தரசி என்று இருக்கும், இல்லையென்றால் ஒரு கோடு. தார் சுற்றுகிறேன் என்று அவளும் சொல்வதில்லை, அதை வேலை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று கேட்பார்கள். வாரத்தில் எந்த நாள் அதிகம் வாங்குகிறது, வெளியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்தால் எப்படி இருக்கிறது, திரும்பி வந்த அன்று எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்கும். கெண்ட் நகரத்தில் இருந்ததைப் போல.